பூட்டைத் திறந்தவன் நான்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள், அதனால்தான் பூட்டுக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அக்கா மகள், நம் வாலு, ஒரு காரியம் செய்துவிட்டாளம்மா. பிள்ளைகளிடம் பிடுங்கிய பந்து, பம்பரம் எல்லாவற்றையும் டீச்சர் பீரோவில் வைத்துப் பூட்டுப் போட்டிருந்தாராம். இவள் இடைவேளையில் ஒரு ஹேர்பின்னால் திறந்து, அவரவர் சாமானை அவரவரிடம் கொடுத்துவிட்டு மறுபடி பூட்டியும் வைத்துவிட்டாள்! ஒன்பது வயசு! விஷயம் வெளியானதும் டீச்சர் அந்தப் பூட்டை என்னிடமே கொண்டுவந்தார், ஒரு கீறல் இல்லை. முகத்தைக் கோபமாக வைத்துக்கொண்டேன், ஆனால் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

உன் அக்காதான் அழுது தீர்த்தாள். "சித்தப்பா ரத்தம்பா, அப்படியே வந்திருக்கு. இனிமே இவ உங்க கடைப் பக்கமே வரக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். மூன்று வாரமாகிறது, வாலு உட்காரும் முக்காலி காலியாகக் கிடக்கிறது, எனக்குக் கடையே பிடிக்கவில்லை. மனிதர் குற்றம் செய்வது ஏன் என்று படிக்கிறவள் நீ. "பிறப்பையும் சுத்தி இருக்கிறவங்களையும் சேர்த்துப் பாக்கணும்பா, ஒண்ண மட்டும் பாத்தா பாதிக் கதைதான்" என்று அன்றைக்குச் சொன்னாயே, புரிந்த மாதிரி தலையாட்டினேன். இப்போதுதான் புரிகிறது. உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்குப் பன்னிரண்டு, என் தம்பி, உன் சித்தப்பாவுக்குப் பத்து வயசில் தெருமுனை மிட்டாய்க் கடைப் பூட்டைத் திறந்தது நான். அவன் வெளியே காவல் நின்றான். அகப்பட்டது அவன், அடி வாங்கியும் என் பெயரைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அவனை மறுபடி சேர்க்கவில்லை, தெருவே திருடன் என்று கூப்பிட்டது, கடைசியில் அப்படியே ஆகி ஜெயிலுக்கும் போனான், வெளியே வந்த பிறகும் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. என்னையோ ஊர்ப் பூட்டுக்காரர் ஒருவர் "நல்ல கைடா" என்று வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம், ஒரே விரல். வாலுவுக்கும் அந்த விரல் வந்திருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அவளைத் திருடி என்று மட்டும் யாரும் கூப்பிட வேண்டாம், என் பக்கத்தில் உட்காரட்டும். அக்காவிடம் நீ பேசு, நீ சொன்னால் கேட்பாள். கேட்காவிட்டால் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு, என் மானம் போனால் போகட்டும்.

நீ நோய் நொடியில்லாமல் நன்றாக இரு, கண்ணு. அறையைப் பூட்டியதும் ஒரு முறை இழுத்துப் பார்க்க மறக்காதே. இதே தபாலில் சித்தப்பாவுக்கும் ஒரு கடிதம் போடுகிறேன், இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஒரே வரிதான்: "சின்னவகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்டா, வீட்டுக்கு வந்துடு."

இப்படிக்கு,
உன் அப்பா