கட்டில் உயரத்தில் கேமரா

பெர்லின்
14 ஜனவரி 2024

அன்புள்ள அம்மா,

கால் வீக்கம் குறைந்ததா? வீடியோ காலில் எதைக் கேட்டாலும் ‘ம்’ என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியில் எடுத்த சினிமாப் படங்கள் இப்போது எங்கள் வகுப்பில் பாடம். இடிந்துபோன ஊருக்குச் சிப்பாய் ஒருவன் திரும்பி வருவான். அவன் பார்ப்பதைத்தான் நாமும் பார்ப்போம். செங்கல் பொறுக்கும் பெண்கள் ஓரமாக வந்து போவார்கள். யார் கண்ணால் கதை போகிறதோ அவருக்குத்தான் நம் இரக்கமும் போகும் என்றார் பேராசிரியை. எனக்கு, நம் ஊர்த் தங்க மைன்ஸ் மூடியபின் இருமிக்கொண்டு வீட்டிலேயே கிடந்த அப்பாவின் ஞாபகம் வந்தது.

பரீட்சைக்கு அவரைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடப் படம் எடுத்திருக்கிறேன். முழுக்க அப்பாவின் கண். கேமராவைக் கட்டில் உயரத்தில் வைத்தேன். கடைசியில், அப்பா போகும் நேரத்தில், நீ குனிந்து தண்ணீர் கொடுக்கிறாய், எனக்குச் சொன்ன மாதிரியே. உன் ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது.

உன் அனு

ஊரிகம்
2 பிப்ரவரி 2024

அனுக்கண்ணுக்கு அம்மா எழுதறது.

வீக்கம் அப்படியேதான் இருக்குது. படம் பாத்தேன். பக்கத்து வூட்டு லவினாவும் கூட உக்காந்து பாத்தா. தண்ணி குடுக்கற எடம் வந்ததும் எழுந்து போய்ட்டா.

என்னை மாதிரி நடிச்ச பொண்ணு நல்லா இருக்கா. ஆனா அது நான் இல்ல. அன்னிக்குக் காலைல உங்கப்பாவுக்கு இழுப்பு ஜாஸ்தி. “இன்னிக்குப் போவாத வள்ளி”ன்னாரு. “இன்னா இப்போ, ரயிலுக்கு டைம் ஆச்சு, சாயங்காலம் வந்துடப் போறேன்”னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். அந்த மாதிரி எத்தனையோ நாள் சொல்லியிருக்காரு. அவரு போன நேரத்துல நான் பெங்களூர் கார்மென்ட்ஸ்ல காலர் தச்சிட்டு இருந்தேன். தண்ணி கொண்டுபோனது லவினா.

ஸ்கூல்ல இருந்து வந்து “நீ கூட இருந்தியாம்மா”ன்னு கேட்ட. உனக்கு எட்டு வயசு. இருந்தேன்னு சொல்லிட்டேன். அப்புறம் அதையே சொல்லிட்டு வந்தேன்.

இதை எழுதறப்போ அழுகை வரும்னு நெனச்சேன். வரல.

அம்மா

பெர்லின்
27 பிப்ரவரி 2024

அம்மா,

கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உன்மேல் கோபமா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வகுப்புக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், துணி துவைக்கிறேன். படத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. திரைப்பட விழாவுக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பவில்லை.

இன்னொரு படம் எடுக்கட்டுமா? உன் கண்ணிலிருந்து. காலை ரயில், தையல் மெஷின், காலர். மே மாதம் கேமராவோடு வருகிறேன். சரி என்று ஒரு வரி எழுது.

அனு

ஊரிகம்
20 மார்ச் 2024

அனு,

லவினா வூட்டுக்குப் போனேன். “நீ செஞ்சதை நான் செஞ்சதா இத்தனை வருஷம் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ”ன்னேன். உக்காருன்னு பாய் போட்டா. அப்புறம் சொன்னா, “அண்ணன் அந்தத் தண்ணியைக் குடிக்கல வள்ளி. தலையைத் திருப்பிக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருந்தாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் சொல்லல.”

சரின்னு கேட்டுக்கிட்டு வந்து உலை வச்சேன்.

என் கண்ணுல இருந்து எடுக்க ஒண்ணும் இல்ல. அன்னிக்கு நான் எதையும் பாக்கல. அவரு கண்ணுன்னு எடுத்திருக்கியே, அதுல கடைசியா வாசல் மட்டும்தான் தெரியணும். யாரும் இல்லாம. அப்படி மாத்திட்டு யாருக்கு வேணா காட்டு.

மே மாசம் வா. கேமரா வேணாம். சும்மா வா.

அம்மா