நடந்துகொண்டிருக்கும் சலவைக் கடை ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ குறித்து

அனுப்புநர்
உரிமையாளர்,
சலவை மற்றும் இஸ்திரிக் கடை,
பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்
வணிகப் பதிவு அலுவலர்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நகராட்சியின் இணையச் செயலி – கடை திறப்பு நேரத்தைத் தவறாகச் சரிபார்ப்பது – திருத்தம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி முகவரியில் நான் சலவைக் கடை நடத்துகிறேன். காலை எட்டு முதல் மதியம் ஒன்று வரையும், மாலை நான்கு முதல் இரவு ஒன்பது வரையும் கடை திறந்திருக்கும். இடைப்பட்ட நேரத்தில் இஸ்திரிப் பெட்டியும் நானும் ஆறுகிறோம்.

2. முன்பு செயலியில் காலை எட்டு முதல் இரவு ஒன்பது வரை என்று ஒரே வரியாகப் பதிவாகியிருந்தது. மதியம் வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பிய ஒருவர் புகார் அளித்ததால், நேரத்தை இரண்டு வரிகளாகப் பிரித்துப் பதியுமாறு தங்கள் அலுவலகம் அறிவுறுத்தியது. அவ்வாறே பதிந்தேன். அன்றிலிருந்து என் கடை திறக்கவேயில்லை. அதாவது, செயலியில்.

3. கணினி வேலை பார்க்கும் வாடிக்கையாளர் ஒருவர், சட்டை வாங்க வந்த இடத்தில், நேரங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இப்போதைய நேரம் ஏதேனும் ஒரு வரியில் அடங்கினால் போதும் என்றிருக்க வேண்டிய இடத்தில், இரண்டு வரிகளிலும் அடங்க வேண்டும் என்று செயலி எதிர்பார்ப்பதாகத் தெரிவித்தார். அதன்படி, காலையும் மாலையும் ஒன்றாக வரும் வேளையில் மட்டுமே என் கடை திறந்ததாகக் கருதப்படும். அப்படி ஒரு வேளை வந்தால் நான் கடையில்தான் இருப்பேன் என உறுதியளிக்கிறேன்.

4. சில வாரங்கள் தொடர்ந்து திறக்காத கடையைச் செயலி தானாகவே ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று மாற்றிவிடுமாம். மாற்றியது. துணி கொடுத்திருந்தவர்கள் பதறி ஓடிவந்து பாதி ஈரத்தோடு வாங்கிச் சென்றனர். கணக்கு வாத்தியார் ஒருவர் வாசலில் நின்று போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மூடிட்டாங்கன்னு போட்டிருக்கேம்மா” என்றார். இஸ்திரி போட்டபடியே நான் மறுத்தேன். எதற்கும் நாளை வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

5. இதுவரை கூறியது தொழில் தொடர்பானது. இனிக் கூறுவது குடும்பம் தொடர்பானது எனினும், செயலியால் நேர்ந்ததால் சேர்க்கிறேன்.

எனக்கு ஓர் அக்கா உண்டு. வேறு ஊரில் இருக்கிறார். பல வருடங்களாக எங்களுக்குள் பேச்சு இல்லை. காரணத்தை எழுதினால் அதற்குத் தனி மனு தேவைப்படும். அக்கா தரப்பு விளக்கம் இல்லாமல் தாங்களும் முடிவெடுக்க இயலாது. சென்ற மாதம் ஒரு நாள் காலை, முகம் வீங்கி, இரண்டு கால்களிலும் ஜோடி மாறிய செருப்புகளோடு அவர் கடை வாசலில் வந்து நின்றார். “இருக்கியாடி?” என்றார். இருப்பதாகத் தெரிவித்தேன். “அப்புறம் எதுக்குடி கடைய மூடுன?” என்று என் முதுகில் ஓர் அடி வைத்தார். அடி பலமானது. அது குறித்து எனக்குப் புகார் இல்லை.

6. விசாரித்ததில், அக்கா தினமும் காலையில் பல் துலக்கும் முன்பே தங்கள் செயலியில் என் கடையைத் தேடிப் பார்த்து வந்தது தெரிந்தது. எட்டு மணிக்குப் பச்சை எழுத்தில் ‘திறந்துள்ளது’ என்று வந்தால், நான் எழுந்து நடமாடுகிறேன் என்று அவருக்கு நிம்மதி. பச்சை வராத சில வாரங்களை ரோஷத்தில் பொறுத்திருந்தவர், ‘நிரந்தரமாக’ என்ற சொல்லைக் கண்டதும் பேருந்து ஏறிவிட்டார்.

7. ஐயா, சென்ற ஆண்டு எனக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. கடை பூட்டிக் கிடந்தது. எப்படியும் சேதி போயிருக்கும், வந்துவிடுவார் என்று வார்டு வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வரவில்லை. இனி செத்தாலும் பேசுவதில்லை என்று நான் முடிவெடுத்தது அந்தக் கட்டிலில்தான். நேரத்தை இரண்டு வரிகளாகப் பிரிக்கும் முன்பான அந்த நாட்களில் எல்லாம் தங்கள் செயலி கடிகாரத்தை மட்டும் பார்த்துவிட்டு, கடை திறந்திருப்பதாகப் பச்சை காட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரி விஷயத்தை நான் சொன்னதும், “பச்சையாத்தானேடி இருந்துச்சு... நான் தினம் பாத்தேனேடி” என்று அக்கா இஸ்திரி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பெட்டி சூடாக இருந்ததால் நகர்த்தி வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

8. இனிமேல் போன் செய்யுமாறு அவரைக் கேட்டுக்கொண்டேன். “போனெல்லாம் பண்ண மாட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கு. அந்த ஆபீஸ்காரங்க சரி பண்ற வரைக்கும் நானே வந்து பாத்துட்டுப் போறேன்” என்று கூறிவிட்டார். சொன்னபடி வாரந்தோறும் பேருந்து பிடித்து வருகிறார். காலரை மடிக்கத் தெரியாமல் மடிக்கிறார். மதியம் கடையை அடைத்ததும், துணி மூட்டைகளுக்கு நடுவே இருவரும் படுத்துக்கொள்கிறோம். பேசுவது பெரும்பாலும் அவர்தான்.

ஆகவே, பதிந்துள்ள வரிகளில் ஏதேனும் ஒன்றுக்குள் நேரம் அடங்கினாலே கடை திறந்திருப்பதாகக் காட்டவும், உரிமையாளர் கடைக்கு வராத நாளில் அதைத் தெரிவிக்க ஒரு வழி ஏற்படுத்தவும், ‘நிரந்தரமாக’ என்ற சொல்லைப் போடுமுன் ஆளை ஒருமுறை விசாரிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

வாசலில் ‘கடை உண்டு’ என்று அட்டை எழுதி மாட்டியதில் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் திரும்பிவிட்டனர். எனவே திருத்தத்தை நிதானமாக, பலமுறை சோதித்த பிறகே செய்யலாம். தாமதம் குறித்து எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. அக்காவுக்கு முழங்கால் வலி இருப்பதால், மழைக்காலத்துக்குள் மட்டும் முடித்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கடை
நாள்: புதன்கிழமை, மதிய இடைவேளை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
சலவைக் கடை உரிமையாளர்