புதன்கிழமைப் பட்டியலிலிருந்து கம்மூனை நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
ஸுஹூர் கர்னாத்தி (வயது 42),
தொலைபேசி இணைப்பாளர், நகராட்சி அலுவலகம், கீழ்த்தளம்.
வீடு: 17, தோல் பதனிடுவோர் சந்து, ஐன் லூஸா, மொரோக்கோ.

பெறுநர்:
மாண்புமிகு நகராட்சித் தலைவர் அவர்கள்,
ஐன் லூஸா.

பொருள்: பார்வையற்ற எனக்கு வழிகாட்டும் நாய் தெருநாய் எனப் பிடித்துச் செல்லப்பட்டது – புதன்கிழமைக்குள் விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சுகாதாரப் பிரிவின் அறிக்கை எண் 212, நாள் 14.11.2023. 2. நாயின் தடுப்பூசி அட்டை. (மனுவில் 'பார்வை' என்று ஒரு வரி இருக்க வேண்டுமாம். என்னிடம் இருந்தது இவ்வளவுதான்.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் பெயர் தங்களுக்குத் தெரிந்திருக்காது. குரல் தெரியும். "நகராட்சி அலுவலகம், யாருக்கு இணைக்கட்டும்?" என்று ஒன்பது ஆண்டுகளாகக் கேட்டுவருவது நான்தான். கீழ்த்தளத்துக்கு வரவேண்டிய தேவை தங்களுக்கு நேர்ந்ததில்லை, அதனால் என் முகத்தைத் தாங்கள் அறியமாட்டீர்கள். தங்கள் முகத்தை நானும் அறியேன். இந்த ஒன்றில் நாம் இருவரும் சமம். முப்பத்தொன்றாம் வயதில் கண் நரம்பு நோயால் எனக்குப் பார்வை போயிற்று.

2. ஆறு ஆண்டுகள் கைத்தடியோடு அலுவலகம் வந்தேன். 2020ஆம் ஆண்டு, குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்டிருந்த பள்ளத்தில் விழுந்து இடது கை முறிந்தது. அந்தப் பள்ளத்தைப் பற்றிப் புகார் சொல்ல முந்தின நாள் ஒருவர் அழைத்திருந்தார். அந்த அழைப்பை இணைத்துக் கொடுத்தவளும் நானே. கை கூடியதும், வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுக்கு எழுதினேன். அவர்கள் நாட்டவருக்கே நாய்கள் போதவில்லை என்று மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது. மரியாதையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்க முடியாது. எனவே நானே வளர்ப்பது என்று முடிவு செய்தேன்.

3. எங்கள் சந்து முனையில் டயர் ஒட்டும் கடை இருக்கிறது. அங்கே ஒரு நாய் நான்கு குட்டி போட்டிருந்தது. எட்டு வாரக் குட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து என் சாவிக்கொத்தைத் தரையில் போட்டேன். மூன்று அலறி ஓடின. ஒன்று வந்து சாவியை மோந்து பார்த்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டது. என்ன நிறம் என்று கேட்டேன். "சீரகக் கலரு லல்லா, அப்படியே சீரகம்," என்றார், பெண்களை 'லல்லா' என்று மரியாதையாகவே அழைக்கும் கடைக்காரர். எனவே கம்மூன் என்று பெயர் வைத்தேன், சீரகம். கசக்கினால்தான் சீரகம் மணக்கும் என்பார்கள். இந்த மனுவை எழுதும் எனக்கும் இப்போது அது பொருந்துகிறது.

4. பழக்குவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கண் தெரியாதவள் நாய்க்கு வழி சொல்லித் தருவது எப்படி என்று தாங்கள் கேட்கலாம். ஊரே கேட்டது. முட்டிக்கொண்டுதான் சொல்லித் தந்தேன். நாய்க்குத் தன் உயரம் தெரியும், என் உயரம் தெரியாது. கடை வாசல் கூரைத்துணிகளின் இரும்புக் கம்பிக்கு அடியில் அது தாராளமாகப் போய்விடும், என் நெற்றி போகாது. முட்டும்போதெல்லாம் நின்று, கம்பியைத் தட்டிக் காட்டி, பின்னால் போய் மறுபடி வருவோம். என் நெற்றியில் ஏழு தழும்புகள் உண்டு. அவை அவனுடைய மதிப்பெண் பட்டியல். எட்டாவது விழவில்லை. (மனுவில் 'அது' என்றே எழுத வேண்டும் என அறிவேன். சில இடங்களில் 'அவன்' என்று வந்துவிட்டால் பொறுத்தருள்க.)

5. எல்லாவற்றிலும் கடினமான பாடம் சொல்லைக் கேட்காமலிருப்பது. நான் போ என்றாலும், எதிரே பள்ளமோ வண்டியோ இருந்தால் போகக் கூடாது. இதற்கு மட்டும் ஐந்து மாதம் ஆயிற்று. சென்ற ஏப்ரலில், தபால் நிலையத்தின் எதிரே, மூன்று முறை போகச் சொல்லியும் அவன் அசையவில்லை. என் குறுக்கே நின்று முழங்காலைத் தள்ளினான். காலால் துழாவினேன். சாக்கடை மூடி திறந்திருந்தது. அன்று நடுத்தெருவில் உட்கார்ந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு அலுவலகம் வந்து, சாக்கடை மூடி பற்றிய புகாரை உரிய பிரிவுக்குத் தெரிவித்தேன்.

6. இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். போ என்பதற்கு நான் அவனுக்குக் கற்றுத்தந்த சொல் 'ஸீர்'. நம் பேச்சில் முன்னே போ என்பதும் ஸீர்தான், தொலைந்து போ என்பதும் ஸீர்தான் என்பது தங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் நாயைக் கண்டவர் வாயில் முதலில் வருவதும் அதுவே. வாயில் வந்த முதல் சொல்லை நான் கற்றுத்தந்துவிட்டேன். பழக்கும்போதே ஒருமுறை, மீன் கடைக்காரர் விரட்ட, இவன் அவரை நோக்கி நடந்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த அன்றே சொல்லை மாற்றியிருந்தால் இன்று இந்த மனுவே தேவைப்பட்டிருக்காது.

7. நாயைப் பதிவு செய்ய நான் முயலவில்லை என்று அறிக்கை கூறுகிறது. அது சரியன்று. சென்ற ஆண்டு ஜூனில் சுகாதாரப் பிரிவின் முகப்புக்குச் சென்றேன். படிவத்தில் மூன்று கட்டங்கள்: காவல், வேட்டை, மந்தை. எழுத்தர் என் மேல் இரக்கப்பட்டார். "வழிகாட்டுற நாயா? அப்படி ஒரு கட்டமே இல்லையே லல்லா. காவல்னு போட்டா வாய்க்கூடு மாட்டணும். வேட்டைன்னு போடட்டுமா?" என்றார். நான் எதை வேட்டையாடுவேன் என்று கேட்டேன். அவரும் சிரித்தார். கட்டம் காலியாகவே இருந்தது, கழுத்துத் தகடு கிடைக்கவில்லை. தகடு இல்லாத நாய் தெருநாய் என்பது விதி. விதியை நான் குறை கூறவில்லை, கட்டத்தைத்தான் கூறுகிறேன்.

8. இம்மாதம் 13ஆம் தேதி ஒரு பெண்மணி அழைத்தார். "சந்தைக்குள்ள ஒருத்தி நாயோட திரியறா, கேக்க ஆளில்லையா?" என்றார். அந்த ஒருத்தி நான்தான். கம்மூன் என் மேசைக்கடியில் என் செருப்பின்மேல் தலைவைத்துப் படுத்திருந்தான். அழைப்பைச் சுகாதாரப் பிரிவுக்கு இணைத்தேன். ஆள் பார்த்து இணைப்பது என் வேலையன்று.

9. மறுநாள் செவ்வாய், காலை எட்டரை மணி. சந்தை வாசலில் ரொட்டி வாங்க நின்றேன். சுகாதாரக் கண்காணிப்பாளர் திரு. மாத்தி பூஷ்தா கூண்டு வண்டியோடு வந்திருந்தார். கம்மூனைக் கண்டதும் "ஸீர்!" என்று விரட்டினார். கம்மூன் ஓர் அடி முன்னே வைத்தான். வாரின் பிடி என் கையில் இருந்ததால் நானும் வைத்தேன். அவர் பின்வாங்கி, "ஸீர்! ஸீர்ங்கிறேன்ல!" என்று கத்தினார். இவன் மேலும் இரண்டடி வைத்தான். அவர் கையிலிருந்த கோப்பால் அவனை அடித்தார். நான் ரொட்டிக் கூடையில் தடுக்கி விழுந்தேன். பிடி கையை விட்டுப் போயிற்று.

10. அதன்பின் நடந்ததை ரொட்டி வியாபாரி லல்லா ஹ்னியா பார்த்துச் சொன்னார். வண்டியின் பலகை இறக்கியிருந்தது. ஊழியர் ஒருவர் கண்ணிக் கயிற்றோடு நின்றார். கயிறு தேவைப்படவில்லை. கூண்டைக் கைகாட்டி "ஸீர்" என்றார்கள். கம்மூன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தானாம். பிறகு பலகைமேல் ஏறி உள்ளே போனான். 'நில்' என்று ஒரு சொல் நான் சொல்லியிருந்தால் நின்றிருப்பான். விழுந்த அதிர்ச்சியில் எனக்குப் பேச்சு வரவில்லை. பள்ளத்தைக் கண்டால் நிற்கச் சொல்லித் தந்திருந்தேன். கூண்டும் ஒரு பள்ளம்தான் என்று சொல்லித் தரவில்லை.

11. லல்லா ஹ்னியா சும்மா இருக்கவில்லை. "அடேய், அது அவ கண்ணுடா! பட்டப்பகல்ல கண்ணப் புடுங்கிட்டுப் போறீங்களே, நீங்கல்லாம் வெளங்குவீங்களா?" என்று வண்டியை மறித்தார். திரு. பூஷ்தா, நாய் தொட்டால் மார்க்கப்படி ஏழு முறை கழுவ வேண்டும், சந்தையில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்றார். பாத்திரத்தை நக்கினால்தான் ஏழு முறை. கம்மூன் யார் பாத்திரத்தையும் நக்கியதில்லை. இதை நான் சொன்னபோது அவர் என் குரலை அடையாளம் கண்டுகொண்டார். "லல்லா ஸுஹூரா? எக்ஸ்சேஞ்சு லல்லாவா?" என்றார்.  பிறகு, "எழுதிட்டேன் லல்லா. நம்பர் போட்டாச்சு. எழுதினத அடிக்க எனக்கு அதிகாரமில்ல," என்றார். அவர் கெட்டவர் அல்லர். என்னை எழுப்பி உட்கார வைத்தவர் அவரே. அவர்மீது நடவடிக்கை எதுவும் நான் கோரவில்லை.

12. அறிக்கை எண் 212 கூறுவதாவது: 'மேற்படி நாய் கண்காணிப்பாளரை நோக்கி மூன்று முறை பாய்ந்தது.' நான்கு வரிகளுக்குக் கீழே: 'மேற்படி நாய் எவ்வித எதிர்ப்புமின்றித் தானாகவே வண்டியில் ஏறியது.' மூன்று முறை பாய்ந்த நாய் தானாகக் கூண்டில் ஏறுமா என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். மூன்று முறை போ என்று ஆணையிட்டார்கள், மூன்று முறை போனது. நான்காம் முறையும் ஆணையிட்டார்கள், போனது. நகராட்சியின் ஆணையை இவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றிய எவரையும் இந்த ஒன்பது ஆண்டில் நான் கண்டதில்லை.

13. நான் அஞ்சுவது இதற்கே. புதன்தோறும் காலை பத்து மணிக்கு விலங்குக் காப்பகத்திலிருந்து ஓர் அழைப்பு வரும். "புதன்கிழமைப் பட்டியல், லல்லா. சுகாதாரத்துக்குக் குடுங்க," என்பார்கள். நான் இணைப்பேன். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஏதோ தீவனப் பட்டியல் என்று ஒன்பது ஆண்டுகளாக நினைத்திருந்தேன். எட்டு நாள் ஆகியும் யாரும் கேட்டு வராத நாய்களின் எண்ணிக்கை அது என்றும், இங்கிருந்து 'சரி' என்று சொன்னதும் ஊசி போட்டுவிடுவார்கள் என்றும் சென்ற வியாழன்தான் கேட்டறிந்தேன். எத்தனை புதன்கள் என்று எண்ணிப் பார்த்தேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

14. நான் கேட்டு வந்தேன், ஐயா. வெள்ளியன்று வாடகை வண்டியில் காப்பகத்துக்குப் போனேன். தகடு எண் இல்லாமல் நாயை ஒப்படைக்க இயலாது என்றார்கள். வெளியே நின்று அவன் பெயரைச் சொல்லி அழைத்தேன். உள்ளே எத்தனையோ நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. கம்மூன் குரைக்கமாட்டான், வேலையில் இருக்கும்போது குரைக்கக் கூடாது என்று நானே பழக்கியிருக்கிறேன். அவன் இன்னும் தன்னை வேலையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

15. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,

(அ) வரும் புதன், 22ஆம் தேதி, காலை பத்து மணிக்கு முன்பாக, கம்மூனைப் பட்டியலிலிருந்து நீக்கி என்னிடம் ஒப்படைக்க ஆணையிடவும்,

(ஆ) படிவத்தில் நான்காவதாக ஒரு கட்டம் போடவும் வேண்டுகிறேன். சின்னக் கட்டமே போதும்.

என் பங்குக்கு, சொல்லை மாற்றிவிடுவேன் என்று உறுதி கூறுகிறேன். நாயைப் பார்த்து இந்த ஊரில் யாருமே சொல்லாத சொல் எது என்று மூன்று நாள் யோசித்தேன். 'தஃபத்தல்' என்று கண்டுபிடித்தேன். விருந்தாளியை வாசலில் வரவேற்கும்போது 'வாருங்கள், தயவுசெய்து' என்கிறோமே, அந்தச் சொல். அதைச் சொல்லி ஒரு நாயை விரட்டியவர் இதுவரை பிறக்கவில்லை.

16. புதன் காலை பத்து மணிக்கு நான் பணியில் இருப்பேன். விடுப்பு எடுக்க மனமில்லை, எடுத்தால் வேறொருவர் இணைத்துவிடுவார். ஒன்பது ஆண்டுகளில் ஓர் அழைப்பையும் நான் துண்டித்ததில்லை. பள்ளத்தைப் பற்றிய புகாரையும் இணைத்தேன், என்னைப் பற்றிய புகாரையும் இணைத்தேன். இதையும் இணைக்க வேண்டியது என் கடமை என்று நன்றாகத் தெரியும். ஆனால் முன்னே பள்ளம் இருந்தால் சொன்ன சொல்லைக் கேட்கக் கூடாது என்று ஐந்து மாதம் ஒருவனுக்குக் கற்றுத்தந்தவள் நான். அந்த நிலைக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம் என்று தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஸுஹூர் கர்னாத்தி
(கையொப்பம்)

சாட்சி: லல்லா ஹ்னியா, ரொட்டி வியாபாரி, சந்தை வாசல் (பெருவிரல் ரேகை)

இடம்: ஐன் லூஸா
நாள்: 20.11.2023, திங்கள்

இணைப்பு: தடுப்பூசி அட்டை நகல்.

தொடர்புக்கு: தங்கள் மேசைத் தொலைபேசியில் ஒன்பதை அழுத்தினால் போதும். நான்தான் எடுப்பேன்.