பாலத்தில் நின்ற வண்டி

இன்று காலை ராமநாதபுரத்துப் பட்டறையில் மீன் லாரியை விட்டிருக்கிறேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. காட்ட நாள் நெருங்கிவிட்டது. புது பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் இடதுபக்க முன்மூலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த ஒடுக்கை எடுத்துரவா?" என்று கேட்டார். எடுக்கச் சொல்லி முதலாளி ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார். வண்டி அவருடையது, வேண்டாமென்று சொல்ல நான் யார்? தலையை ஆட்டிவிட்டு எதிர்க்கடையில் டீ சொன்னேன். சுத்தியல் சத்தம் கேட்கக் கேட்க, உன்னோடு பேசியே ஆகவேண்டும் போலிருந்தது.

அந்த ஒடுக்கு விழுந்தபோது நீதான் பக்கத்து சீட்டில் இருந்தாய். நான் லாரி ஓட்ட ஆரம்பித்த முதல் வாரம். அக்காள்மடத்தில் ஐஸ் கம்பெனிச் சந்துக்குள் திரும்ப வேண்டும். படகில் சுக்கானைத் திருப்பினால் படகு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும், அதனால் முன்கூட்டியே திருப்பி வைப்போம். இருபத்தாறு வருஷப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? சந்து வருவதற்கு முன்பே ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டேன். மதில்சுவர் வந்து மோதியது, அல்லது நான் போய் மோதினேன். நீ சிரித்த சிரிப்பில் உனக்குப் புரையேறிவிட்டது. "ஏலே, இது ஒன் போட்டு இல்லலே. திருப்புனா உடனே திரும்பிரும்" என்றாய். ஐஸ் கம்பெனிக்காரன் என்னைத் திட்டியதைவிட நீ சிரித்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஆனாலும் நானும் சிரித்தேன்.

நான் கடலை விட்டதில் உனக்குக் கடைசிவரை சம்மதமில்லை. எல்லை தாண்டியதாகச் சொல்லி எதிர்க்கரை நேவிக்காரர்கள் நம்மைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆட்களை அனுப்பினார்கள், படகை அனுப்பவில்லை. திரும்பி வந்த அன்றே பாம்பன் கரையில் வைத்து, "நான் ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போறேன்" என்றேன். நாற்பத்தைந்து வயதில் எட்டுப் போட்டுப் பழகப்போன என்னைப் பார்த்து ஊரே சிரித்தது. நீ சிரிக்கவில்லை, பேசவே இல்லை. அடுத்தவர் படகில் ஏறிக் கடலுக்குப் போய்விட்டாய். பிறகு ஒருநாள் நீயாகவே வந்து லாரியை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தாய். "மீனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தவன், மீனுக்கு டிரைவராயிட்டியாக்கும்?" என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாய். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அதன்பிறகு கடலுக்குப் போகாத நாட்களில் உச்சிப்புளி வரை என்னோடு வந்து, டீ குடித்துவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பிப் போவாய். இதில் என்ன சுகம் கண்டாயோ! ரோட்டில் யாரும் நம்மைப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்று நான் பெருமை பேசினால் உதட்டைப் பிதுக்குவாய். "கடல்ல நாலு பக்கமும் வழி. ஒனக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, அம்புட்டுத்தான்" என்பாய். அதை நான் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட லீவு காலம். பாம்பனில் மீன் ஏற்றி முடித்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்காரி, என் வாய்க்குத் தங்கச்சி, தலைவிரிகோலமாக ஓடி வந்தது. "அண்ணே, ஒங்க கூட்டாளிக்கு நெஞ்சு கரிக்குதாம். வேர்த்து ஊத்துது, வாங்கண்ணே." உன் வீட்டு வாசலில் நீ சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. யாரோ ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்கள், வந்துகொண்டிருக்கிறது என்றார்கள்.

நான் காத்திருக்கவில்லை. கடலில் ஒருவனுக்கு முடியாமல் போனால் என்ன செய்வோம்? வலையை இழுக்கக்கூட நிற்கமாட்டோம். வெட்டிவிட்டு, இருக்கிற படகை அப்படியே கரைக்குத் திருப்புவோம். யாரையும் கூப்பிட்டுக் காத்திருந்து நமக்குப் பழக்கமில்லை. அதைத்தான் செய்தேன். "ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நான் பாலத்தைத் தாண்டிருவேன்" என்று சொல்லி உன்னைத் தூக்கி கேபினில் ஏற்றினேன். தங்கச்சி உன்னை மடியில் சாய்த்துக்கொண்டது. பாலம் ஏறாமல் தீவுக்குள்ளேயே ராமேஸ்வரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஆனால் லோடு ஏற்றிய வண்டி பாலத்தைப் பார்த்து நின்றது. அது நின்ற திசையிலேயே நானும் போனேன். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

பாலத்தில் பாதிகூடப் போகவில்லை. பக்கத்து ரயில் பாலத்தின் நடுப்பகுதி மேலே தூக்கியிருந்தது, கப்பல் ஒன்று கடந்துபோகக் காத்திருந்தது. வெளியூர் வண்டிகளெல்லாம் இரண்டு பக்கமும் அப்படி அப்படியே நின்றுவிட்டன. கைப்பிடிச் சுவரோரம் குடும்பம் குடும்பமாக செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஹாரனில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும் பதறி ஒதுங்குவார்கள். மீன் லாரி ஹாரனுக்கு யார் ஒதுங்குவார்கள்? ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ரெண்டு நிமிஷம் பொறுங்கண்ணே, கப்பல் போயிரட்டும்" என்றார்.

இறங்கி ஓடினேன். ஒவ்வொரு கார்க் கண்ணாடியாகத் தட்டினேன். "உள்ள ஆளு இருக்கு, முடியாத ஆளு இருக்கு" என்று கத்தினேன். கேட்டவர்கள் நல்ல மனிதர்கள்தான். பதறிப்போய் வண்டியை எடுக்கப் பார்த்தார்கள். எங்கே எடுப்பது? முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி, இரண்டு பக்கமும் சுவர். சுவருக்குக் கீழே நீயும் நானும் இருபத்தாறு வருஷம் இஷ்டப்பட்ட பக்கமெல்லாம் திரிந்த கடல் கிடந்தது. கீழே சின்னப் படகு ஒன்று, வத்தை, போய்க்கொண்டிருந்தது. அதில் உன்னை இறக்கிவிட முடிந்தால் கால் மணி நேரத்தில் மண்டபத்துக் கரை. அத்தனை உயரத்திலிருந்து எப்படி இறக்குவேன்? என் வாழ்நாளில் அன்றைக்குப்போல் கையாலாகாதவனாக நான் நின்றதில்லை.

கப்பல் போய், வண்டிகள் நகர்ந்து, மண்டபம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் உன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். நாங்கள் கிளம்பிய பத்தாவது நிமிஷம் ஆம்புலன்ஸ் உன் வீட்டு வாசலில் வந்து நின்றதாம். அதுவும் பாலத்தில் மாட்டியிருக்கும் என்கிறார்கள், மாட்டியிருக்காது என்கிறார்கள். ராமேஸ்வரத்துக்கே கொண்டுபோயிருக்கும் என்கிறார்கள். தங்கச்சி மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை. முப்பதாம் நாள் சோறு போட்டுவிட்டு, "நீங்க என்னண்ணே பண்ணுவீங்க" என்றது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்றும் வாரத்தில் ஐந்து நாள் அந்தப் பாலத்தைத் தாண்டுகிறேன். வேறு வழி எனக்கில்லை. கடலுக்குத் திரும்பவும் முடியாது, உடம்பில் அந்தத் தெம்பும் இல்லை. நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் மேல் கோபம்கூட வரமாட்டேன் என்கிறது. அவர்களுக்கு என்ன தெரியும்?

ஒன்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. ஓடிக் களைத்துத் திரும்பி வந்து நான் கேபினில் ஏறியபோது நீ கண்ணை மூடியிருந்தாய். "போறமாலே?" என்று கேட்டாய். நிற்கிறோம் என்று எப்படிச் சொல்வேன்? "போயிக்கிட்டுத்தான் இருக்கோம்லே, பாலம் முடியப்போகுது" என்றேன். சொன்னது மட்டுமில்லை, கியர் போடாமலே ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது, சீட்டெல்லாம் அதிர்ந்தது. தங்கச்சி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. பிறகு உன் தலையை இன்னும் கொஞ்சம் இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டது. நான் அழுதுகொண்டே மிதித்தேன், விட்டேன், மறுபடி மிதித்தேன்.

படகில் இன்ஜின் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியவன் நீ. தூக்கத்திலேயே சத்தத்தைக் கேட்டு, படகு ஓடுகிறதா, வலை இழுக்கிறதா, சும்மா நிற்கிறதா என்று சொல்லிவிடுவாய். உன்னையா ஏமாற்ற முடியும்? நம்பினாயோ, எனக்காக நம்பியதுபோல் இருந்தாயோ, தெரியவில்லை. நின்றுகொண்டிருந்த அந்த வண்டியில், கண்ணைத் திறக்காமல் என் முழங்காலை லேசாகத் தட்டினாய்.

"மெதுவாவே போலே" என்றாய். "ஒண்ணும் அவசரமில்ல."