அப்பாவுக்கு இருக்கும் ஒரே படம்

அக்டோபர் 28, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போக லீவு இல்லை. பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம். "ஞாயித்துக்கெழமையும் வந்துருங்க அம்மிணி" என்றார் சூப்பர்வைசர். அம்மாவிடம் சொன்னேன். ராத்திரி அவள் சாப்பிடவில்லை. திருப்பூர் வந்த பிறகும் ஒரு வருடம்கூட அப்பா கல்லறைக்குப் பூப் போடாமல் இருந்ததில்லை அவள்.

வீட்டில் படம் வைத்தாவது மெழுகுவர்த்தி ஏற்றலாம். ஆனால் இருப்பது ஒரே படம், கல்லறைத் தோட்டத்தில் எடுத்தது. திறந்த பெட்டிக்குள் அப்பா, சுற்றிச் சொந்தக்காரர்கள். எங்கள் ஊரில் அப்போது அப்படித்தான், மண் போடுமுன் எல்லாரும் நின்று ஒரு படம். ஓரத்தில் அம்மா. அவள் வயிற்றில் நான்.

அக். 29
அம்மாவுக்குத் தெரியாமல் படத்தை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் ஸ்டுடியோவுக்கு ஓடினேன்.

"பெட்டிய எடுத்துப்போட்டு ஆள நிக்க வெச்சரலாமுங்க. கண்ணத் தொறக்கோணும்னா எப்படி இருந்துச்சுன்னு தெரியோணுமில்லீங்க?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

எனக்கு எப்படித் தெரியும்? என் முகத்தையே பார்த்தார். "உங்க கண்ணையே வெச்சுப் பாக்கட்டுங்களா?"

தலையாட்டிவிட்டேன். வெளியே வந்ததும் பயம். அம்மாவிடம் கேட்டிருக்கலாம். அப்பா பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாளே.

அக். 30
தோள் தையல் கோணல். பன்னிரண்டு பீஸ் ஆல்டர், பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். மனது மெஷினில் இல்லை.
வாங்க: சம்பங்கி, மெழுகுவர்த்தி, ஆணி.
ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அம்மா துணிப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடுகிறாள். "பைபிளுக்குள்ள இருந்த படத்த எடுத்தியாட்டி?" கண்ணாடி போடக் கொடுத்திருப்பதாகப் பொய்.

நவ. 1, சனி
படம் வந்துவிட்டது. வெள்ளைச் சட்டையில் நிற்கிறார். என் கண். யாரோ ஒரு அண்ணன் மாதிரி. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. துணிக்கடியில் ஒளித்து வைத்தேன்.

நவ. 2
அரை ஷிப்ட். சாயங்காலம் பூசை முடிந்து வந்து படத்தை மாட்டினேன்.

"யாரு இது?"

"அப்பாதாம்மா."

கிட்டே போனாள். கண்ணாடியைத் தடவினாள். "எந்திரிச்சு நிக்காவ." முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு: "கண்ணு இது இல்ல. அவுகளுக்கு இடது கண்ணு பாதி மூடினாப்பல இருக்கும். கோவப்படுதாவளா சிரிக்காவளான்னே தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு முப்பத்தெட்டு வயது. அப்பாவைப் பற்றிச் சொல்லி அம்மா சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, கல்யாணத்தன்னைக்கே அந்தக் கண்ணப் பாத்து நான் பயந்துட்டேன்லா..."

அடுப்பில் சோறு குழைகிறது. அவள் நிறுத்தவில்லை. நானும் எழுந்து போகவில்லை.