புவனகிரி தாண்டிட்டேன்

எங்கே இருந்தாலும் “பக்கத்துலதான் இருக்கேன்” என்று சொல்லியே ஊரை ஏமாற்றிய என் அன்பு மச்சான் பாஸ்கருக்கு,

இப்போது நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், உன்னுடைய மைக் செட் வேனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். டிரைவர் சீட்டில் அந்தக் கிழிசல் அப்படியே இருக்கிறது. தைக்கலாம் என்றால் கலா விடமாட்டேன் என்கிறாள். உன் பெண்டாட்டியாக ஆவதற்கு முன்பே என் தங்கச்சி பிடிவாதக்காரி, உனக்குத் தெரியாததா?

டிசம்பர் புயலில் குறிஞ்சிப்பாடிக் கடையின் பெயர்ப்பலகை பறந்து எங்கேயோ போய்விட்டது. பின்னால் இருந்த பலாமரமும் விழுந்துவிட்டது. ஆனால் உன் கூம்பு ஸ்பீக்கர் நான்குக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உன்னை மாதிரியே அதற்கும் கெட்டியான தொண்டை.

அத்தை மகன் என்பதால் பிறந்ததிலிருந்தே உன்னை எனக்குத் தெரியும். உன் கையில் கீபேடு போன் வந்த நாளிலிருந்து உன் பொய்யும் தெரியும். சிதம்பரத்தில் கல்யாண வீட்டுக்காரர் “எங்கப்பா இருக்க?” என்று கத்துவார். நீ குறிஞ்சிப்பாடியில் ஈரத் தலையோடு இட்லி தின்றுகொண்டே, “புவனகிரி தாண்டிட்டேன் மாமா, இதோ வந்துட்டேன்” என்பாய். அந்த மனுஷனும் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவார். உன்னை மட்டும் சொல்வானேன்? நம் ஊரில் யார்தான் கிளம்பிய பிறகு “கிளம்பிட்டேன்” என்று சொல்லியிருக்கிறார்கள்?

அந்தப் புத்தியை நான் விமானத்துக்குள்ளேயும் கொண்டுபோனேன் பார், அதுதான் வினை.

விமானம் ஓட்ட நான் பயிற்சிக்குப் போன இடம் வடக்கே ஒரு சின்ன ஓடுபாதை. கண்ட்ரோல் டவர் கிடையாது. ‘நீ இறங்கு, நீ பொறு’ என்று சொல்ல மேலே ஒருத்தரும் இல்லை. பறக்கிற அத்தனை பேருக்கும் ரேடியோவில் ஒரே அலைவரிசை. நான் யார், எங்கே இருக்கிறேன், அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் பேசும்போது குறுக்கே பட்டனை அமுக்கினால் இரண்டு பேர் பேச்சும் போய், இரைச்சல்தான் மிஞ்சும். ஒருவர் வாயிலிருந்து வருவதை நம்பித்தான் மற்றவர் இறங்குவார், அவ்வளவுதான் அங்கே சட்டம்.

இறங்குவதற்கு முன்னால் ஓடுபாதையைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்போம். முதலில் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் போய், திரும்பி, கடைசியில் அதை நேருக்கு நேராகப் பார்த்து இறங்குவோம். அந்தக் கடைசித் துண்டுக்கு ‘பைனல்’ என்று பெயர். ஒரு நாள் நான் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே, எப்படியும் இன்னும் ஒரு நிமிஷத்தில் வந்துவிடப் போகிறோமே என்று, ரேடியோவில் ‘பைனல்’ என்று சொல்லிவிட்டேன். நிஜமாகவே பைனலில் வந்துகொண்டிருந்த இன்னொரு மாணவன் மிரண்டுபோனான். தன் தலைக்கு மேலேயோ காலுக்குக் கீழேயோ கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு விமானம் இருக்கிறது என்று நினைத்து, இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிட்டான்.

பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் திட்டக்கூட இல்லை. கீழே இறங்கியதும், அந்த வார்த்தையைச் சொன்னபோது நீ எங்கே இருந்தாய் என்று மட்டும் கேட்டார். இது முதல் தடவையும் இல்லை, மூன்றாவது தடவை. ஒரு வாரம் ஊருக்குப் போய் வா, வந்த பிறகும் நாக்கு இப்படித்தான் என்றால் உன்னைத் தனியாகப் பறக்க விடவே மாட்டேன் என்றார். தனியாகப் பறக்காவிட்டால் லைசென்ஸ் ஏது? என் கனவு அதோடு சரி.

பொட்டியோடு சிதம்பரம் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். உன்னைக் கூப்பிட்டால், வெளியேதான் நிற்கிறேன் என்றாய். முக்கால் மணி நேரம் கழித்து வந்தாய். விஷயத்தைச் சொன்னேன். நீ ஆறுதல் சொல்லுவாய் என்று பார்த்தால், வேன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன், வேன் உன்னுடையதாகப் போய்விட்டது.

மறுநாள் காலையில் அண்ணாமலை நகர் மைதானத்துக்கு என்னை நீதான் இழுத்துப்போனாய். இரண்டு வாடகை சைக்கிள், இரண்டு கார்ட்லெஸ் மைக், ஒரு கூம்பு ஸ்பீக்கர். சுண்ணாம்புப் பொடியில் ஓடுபாதை போட்டாய். நான் ஒரு விமானமாம், நீ ஒரு விமானமாம். எங்கே இருக்கிறோம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே சுற்ற வேண்டுமாம். ஒரு இடத்துக்கு வந்து சேரும் முன்னாலேயே வந்துவிட்டதாகச் சொன்னால் தண்டனையாக இன்னொரு சுற்று. வாக்கிங் வந்த பேராசிரியர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த வெட்கத்திலேயே எனக்குப் பாதி நாக்கு திருந்தியிருக்கும்.

முதல் நாள் இரண்டு பேருமே அயோக்கியர்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் நான், இந்தக் கோடியில் நீ, ஒரே சமயத்தில் “பைனல்” என்று ஸ்பீக்கரில் அலறினோம். வந்துவிட்டேன் என்று சொல்லியாயிற்றே, பொய்யாகக் கூடாதே என்று இரண்டு பேரும் மிதித்த மிதியில் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே மோதிக்கொண்டு விழுந்தோம். என் முட்டியில் ரத்தம். உன் லுங்கி கிழிந்தது. ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லி ஓடிவந்த வாட்ச்மேன், நாம் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு வந்த வேலையை மறந்து சிரித்தார்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்தபடி நீ சொன்னாய்:

“டேய், வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி கீழ பாருடா. காலு எங்க இருக்குதோ அதச் சொல்லு. மனசு எங்க இருக்குதோ அதச் சொல்லாத.”

நீ சொன்னதை நீயே ஒரு நாளும் கடைப்பிடிக்கவில்லை. அந்த வாரம் முழுக்கத் தண்டனைச் சுற்று அதிகம் போனது நீதான். நான் ஐந்தாம் நாளிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை.

திரும்பிப் போனேன். இரண்டு வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து என் நாக்கைச் சோதித்த பயிற்சியாளர், ஒரு காலையில் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டார். விமானத்துக்குள் நான் மட்டும். பக்கவாட்டில் போகும்போது அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது மச்சான், பொய் சொல்லமாட்டேன். பட்டனில் கட்டைவிரலும் வைத்துவிட்டேன். கீழே பார்த்தேன். கடுகு வயல். ஓடுபாதை இன்னும் எங்கேயோ இருந்தது. பக்கவாட்டில்தான் இருக்கிறேன், இன்னும் திரும்பவில்லை என்று இருந்ததை இருந்தபடி சொன்னேன். உடனே ரேடியோவில் ஒரு பெண் குரல், நான் முன்னால் இறங்கிக்கொள்கிறேன் என்றது. அதுவரை அவள் அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. அவள் பதறாமல் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் நான் இறங்கினேன்.

சக்கரம் நின்றதும் உன்னைத்தான் கூப்பிட்டேன். எங்கே இருக்கிறாய் என்றாய். தரையில் என்றேன். நம்பலாமா என்று கேட்டுவிட்டு நீ அழுதது எனக்குக் கேட்டது.

கடைசியாக நாம் பேசியதையும் சொல்லிவிடுகிறேன். நீ புதுச்சேரி ஆஸ்பத்திரியில். நான் சென்னையிலிருந்து பஸ்ஸில். நீயேதான் கூப்பிட்டாய்.

“எங்கடா இருக்க?”

“திண்டிவனம் வரலடா இன்னும்.”

“பரவால்ல, உண்மையச் சொல்ற. நான் கெளம்பிட்டேன்டா. நாளைக்கு வீட்ல பாப்போம்.”

அன்றும் நீ பொய்தான் சொன்னாய். நான் வந்து சேர்ந்தபோது உன் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். ஒரு தடவை, அந்த ஒரே ஒரு தடவை, ‘ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்துட்டேன்’ என்று நான் பொய் சொல்லியிருந்தால் கொஞ்சம் காத்திருந்திருப்பாயா மச்சான்?

சரி, விடு. நல்ல சேதி சொல்கிறேன். மைக் செட்டை இப்போது கலாதான் நடத்துகிறாள். எங்கே வருகிறாய் என்று கேட்டால், “இன்னும் குறிஞ்சிப்பாடியே தாண்டலங்க” என்று பச்சையாகச் சொல்லிவிடுகிறாள். கல்யாண வீட்டுக்காரர்கள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் போடுகிறார்கள். “பாஸ்கரு இருந்தப்ப நிம்மதியா இருந்தோம்மா” என்று போன வாரம் ஒரு பெரியவர் புலம்பியதைக் கேட்டுவிட்டு, அவள் வெகு நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

உன் மகள் யாழினிக்கு நாலு வயசு. குளிக்க வா என்றால் கட்டிலுக்கு அடியில் இருந்துகொண்டே “வந்துட்டேன்மா” என்கிறாள். யார் ரத்தம்? அடுத்த மாதம் அவளுக்குச் சைக்கிள் வாங்குகிறோம். அண்ணாமலை நகர் மைதானத்தில்தான் பழக்கப்போகிறேன். ஸ்பீக்கர் கட்ட மாட்டேன் என்று கலாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

உனக்கும் ஒரு சத்தியம் செய்கிறேன். வானத்திலோ தரையிலோ, கால் இருக்கும் இடத்தைத்தான் சொல்வேன். இப்போதே சொல்கிறேன், கேட்டுக்கொள். இளங்கோ பேசுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில், உன் வேனில், உன் சீட்டில் இருக்கிறேன். மண்டபத்தில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது, யாழினி பசிக்குது என்று கதவைத் தட்டுகிறாள். உன்னிடம் வருவதற்கு நான் இன்னும் கிளம்பவே இல்லை மச்சான். ரொம்ப நேரம் ஆகும். நீ சாப்பிட்டுவிடு.

கிளம்பாமல் ‘கிளம்பிட்டேன்’ என்று சொல்லாத,
உன் மாமன் மகன், உன் பெண்டாட்டிக்கு அண்ணன், யாழினிக்குத் தாய்மாமன்
இளங்கோ