மாத்திரை யாருக்கு என்று கேட்டார்கள், அம்மா

என் பிரியமான அம்மாவுக்கு,

அன்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "அந்த மாத்திரை எனக்கில்லை." சொல்லியிருந்தால், "பின்னே யாருக்கு?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று நீ என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாய்.

போன பங்குனியில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள்தான், நீ எழுந்திருக்கவே இல்லை. இதை நாலு பேர் படிக்கும்படி எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். என் வீட்டு விஷயத்தை வெளியில் பேசுகிறவள் இல்லை நான். ஆனால் இதை முதலில் சபையில் சொன்னவள் நீதானே?

உனக்கு அது ஆரம்பித்தபோது நாற்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. மார்கழிப் பனியில் விசிறி தேடினாய். தோசைக் கல்லை அப்படியே விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டாய். என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"இட்லிப் பானையத் தொறந்தா மூஞ்சில ஆவி அடிக்கும்ல, அது மாதிரி உள்ளேர்ந்து அடிக்குதுடி."

தூக்கம் போயிற்று. மாதக் கணக்கும் தப்பியது. இரண்டு மாதம் வராது, வந்தால் நிற்காது. முகம் வெளுத்துப்போய், துணி பிழிவதற்குள் உட்கார்ந்துவிடுவாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் சீறினாய்.

"நல்லா இருக்குடி. கல்யாணத்துக்கு ஒரு பொண்ண வச்சுக்கிட்டு, எனக்கு நிக்கப்போவுதுன்னு வரிசைல நின்னு சொல்லச் சொல்றியா? உங்கப்பா காதுலகூட விழக்கூடாது, ஆமா."

அலுவலகம் முடிந்து நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், இந்த வயதில் வரும் வெக்கைக்கு வைட்டமின் ஈ சில பெண்களுக்கு உதவியதாக எழுதியிருந்தார்கள். சிலருக்கு உதவவில்லை என்றும் அதிலேயே இருந்தது. இரண்டையும் உன்னிடம் சொன்னேன்.

"மருந்தா, சத்து மாத்திரையா?" என்றாய்.

"சத்து மாத்திரைதாம்மா."

"அப்பன்னா வாங்கிட்டு வா. மருந்து தின்னாத்தான் சீக்காளி."

உன் உலகத்தில் அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு மதில் இருந்தது. அதில் ஒரு கதவு கிடைத்ததே போதும் என்று கடைத்தெருவுக்குப் போனேன்.

மருந்துக் கடைக்காரர் மாத்திரையின் பெயரைக் கேட்டதும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "யாருக்கும்மா?"

"வீட்டுக்கு."

"வீட்டுல யாருக்கு?"

"வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

என் கழுத்தைப் பார்த்தார். வெறும் மணிமாலை. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கரு தங்காத பெண்களுக்கு நம் பக்கத்து டாக்டர்கள் அதே மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் படித்த பத்திரிகையில் அது இல்லை. நான் பாட்டுக்கு மாதாமாதம் போய், அதே கடையில், அதே பதிலைச் சொல்லி வாங்கிக்கொண்டிருந்தேன்.

திருநள்ளாற்றிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்றைக்கு அந்த வினை வந்து விழுந்தது. காப்பி கொடுத்துவிட்டு நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டார். மருந்துக் கடைக்காரரின் மனைவி அவருக்கு ஒன்றுவிட்ட தங்கை.

"ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு மாசாமாசம் மாத்திரை வாங்குதாமே? கரு தங்குறதுக்குக் குடுக்குற மாத்திரையாம். கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு அது எதுக்குங்க?"

அப்பாவின் கையிலிருந்த தம்ளர் பாதி வழியில் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் ரகசியம் ஒரு பக்கம், என் பெயர் ஒரு பக்கம். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன்.

நீ சமையலறையிலிருந்து வந்தாய். கையில் கரண்டிகூட இருந்தது.

"அது எனக்கு வாங்குனதுங்க."

அந்த அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார். "அடியாத்தி! இந்த வயசுலயா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பா உன்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

"முழுவாம இல்லைங்க," என்றாய். "எனக்கு நிக்கப்போவுது. நின்னு நின்னு வருது, வந்தா நிக்க மாட்டேங்குது. உடம்பு கொதிக்குது, தூக்கம் இல்ல. எம் பொண்ணு படிச்சுப் பாத்து அதுக்குத்தான் வாங்கிட்டு வந்தா. யாருக்குன்னு சொல்லாதன்னு வாய அடைச்சது நான். அவளப் பாக்காதீங்க, என்னப் பாருங்க."

ஆண்கள் விட்டத்தைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தன் கால் விரல்களைப் பார்த்தார். என் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிப்போனாய். அந்தச் சொற்களை நீ எங்கே வைத்திருந்தாய், அம்மா? என்னிடம்கூட அரைகுறையாகத்தானே சொல்வாய்?

கிணற்றடியில் நீ முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா பின்னாலேயே வந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "மாத்திரை கேக்குதா?"

"தூக்கம் கொஞ்சம் வருதுங்க. ஆவி இன்னும் அடிக்கத்தான் செய்யுது. பொய் சொல்ல மாட்டேன்."

"எனக்கு வருஷம் ஒண்ணாச்சு. ஃபேனுக்கு அடியில உக்காந்தாலும் வேர்வை ஓடுது."

இரண்டு பேரும் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து பேசத் தொடங்கினீர்கள். வந்தவர்கள் கிளம்பிய பிறகும் அவர் கிளம்பவில்லை. வாசலிலிருந்து கூப்பிட வேண்டியிருந்தது.

மறுநாள் என்னோடு நீயும் மருந்துக் கடைக்கு வந்தாய். "யாருக்குன்னு கேட்டீங்களாமே? எனக்குத்தான். நல்லாப் பாத்துக்குங்க, வீட்டுலயும் போய்ச் சொல்லுங்க," என்றாய். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது, இரும்புச் சத்து மாத்திரைதான் முதலில் வேண்டியது என்றார் டாக்டரம்மா. இவ்வளவு போகும்போது ஏன் முன்னமே வரவில்லை என்று உன்னைத் திட்டினார். அந்த இரும்புச் சத்து மாத்திரையில்தான் உன் முகத்துக்கு நிறம் திரும்பியது. வெக்கை தணிந்தது வைட்டமினாலா, காலம் போனதாலா? அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

இந்த ஊர்ச் செய்தி கேள். பக்கத்து வீட்டுக்கு டி.வி. வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு அப்பா முதல் ஆளாகப் போய் உட்காருகிறார். காப்பியை அவரே போட்டுக்கொள்கிறார், குடிக்கத்தான் முடியவில்லை. என் அலுவலகத்தில் இரண்டு அக்காக்கள், உன் வயதை நெருங்குகிறவர்கள், சாப்பாட்டு வேளையில் என்னருகில் வந்து உட்கார்ந்து என்ன மாத்திரை என்று கேட்கிறார்கள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், சத்து மாத்திரை எங்கும் ஓடிப்போகாது என்கிறேன். ஒருத்தியை நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

திருநள்ளாற்றுக்காரர்கள் ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் பொருந்திய பிறகுதான் வந்திருந்தார்கள். நீ அன்று வெளியே வந்திருக்காவிட்டால் என் பெயர் என்ன ஆகியிருக்கும்? வந்ததால் சம்பந்தம் போயிற்று என்று அப்பா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. எனக்கு அதில் ஒரு நாளும் வருத்தமில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் உன்னைப் பார்க்கத் தனியாக பஸ் ஏறி வந்துகொண்டே இருந்தார்.

நீ போன பிறகு மனசுக்குள் உனக்கு ஒரு வாக்குத் தந்தேன்: என்னைப் பார்க்க யார் வந்தாலும், ஊர் சொல்லும் முன் நானே இதைச் சொல்வேன், நீ சொன்ன மாதிரியே, எதையும் மென்று முழுங்காமல். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

சொன்னேன் அம்மா. ஒரு வீட்டார் எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. உன் வருஷத் திதி முடிந்து, வைகாசியில் எனக்குக் கல்யாணம்.

உன் ஒரே மகள்,
வசந்தா
கோவில்பத்து